ஆங்கில வாக்கியத்தில் சந்தேகம்: இலக்கண நூலா, அகராதியா, செயலியா, ஆளா?

மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லில் கை நின்றுவிடுகிறது. 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' வருமா? 'லெஸ்' போடுவதா, 'ஃப்யூவர்' போடுவதா? இப்படிக் கேட்டு எழுதும் வாசகர்கள் விடையோடு விடுவதில்லை. "இதையெல்லாம் நானே பார்த்துத் தெளிந்துகொள்ள எதை வாங்கலாம்?" என்பதுதான் அவர்களுடைய அடுத்த கேள்வி. சிலர் பள்ளிக்கூடத்துத் தடித்த இலக்கண நூலைப் பரணிலிருந்து இறக்குகிறார்கள். சிலர் திருத்தும் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று கணக்குப் போடுகிறார்கள். பலர் இப்போது நேராகச் சாட்ஜிபிடியிடம் போய்விடுகிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு வரும் ஆங்கிலச் சந்தேகங்களில் பெரும்பகுதி இலக்கணச் சந்தேகமே அல்ல. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும், எதிரே இருப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பவைதாம் அவை. அதை இலக்கண நூலில் தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காக நமக்கு ஆங்கிலமே வராது என்று முடிவு கட்டுவதும் வீண்.

## சோதனைக்கு நான்கு வாக்கியங்கள்

எந்த வழி நல்லது என்று பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. நான்கு வாக்கியங்களை வைத்துக்கொள்வோம்.

முதலாவது, 'லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் தி ப்ராஜெக்ட்'. திட்டத்தைப் 'பற்றி' பேசுவோம் என்று நினைத்து எழுதுகிறோம், 'அபவுட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 'டாக் அபவுட்' சரி, 'டிஸ்கஷன் அபவுட்' சரி, 'டிஸ்கஸ் அபவுட்' மட்டும் தவறு என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

இரண்டாவது, பல்பொருள் அங்காடியில் விரைவாகப் பணம் செலுத்தும் வரிசையின் மேல் தொங்கும் பலகை: 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்'. எண்ணக்கூடிய பொருளுக்கு 'ஃப்யூவர்' அல்லவா வரவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இது ஆங்கிலேயர்கள் தங்களுக்குள்ளேயே நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கு.

மூன்றாவது நம்முடைய அலுவலகச் சொத்து: 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் பேக்'. ஆவன செய்து பதில் அனுப்புங்கள் என்ற பொருளில் எழுதுகிறோம்.

நான்காவதில் இலக்கணப் பிழை என்று எதுவும் இல்லை: 'தி மேனேஜர் டோல்ட் தி கிளார்க் தட் ஹிஸ் லீவ் வாஸ் கேன்சல்ட்'. ரத்தானது யாருடைய விடுப்பு? மேலாளருடையதா, எழுத்தருடையதா? தமிழில் 'தம் விடுப்பு ரத்தானதாக மேலாளர் எழுத்தரிடம் சொன்னார்' என்று எழுதினால் அது மேலாளருடைய விடுப்புதான். 'தம்' அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 'ஹிஸ்' காட்டிக்கொடுக்காது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் நமக்கு, மனத்தில் தெளிவாக இருந்த ஒன்று தாளில் மங்கிப்போனது கண்ணிலேயே படுவதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்களை. இந்தக் குறிப்பிட்ட சொல்லுக்கு விடை தருகிறதா, பொதுவிதியோடு நிறுத்திக்கொள்கிறதா? காரணம் சொல்கிறதா? படிக்கப்போகிறவர் மதுரை அலுவலகத்தில் இருக்கிறாரா, மான்செஸ்டரில் இருக்கிறாரா என்ற வேறுபாடு அதற்குத் தெரியுமா? பணமும் நேரமும் எவ்வளவு போகும்?

ஐந்தாவதைத்தான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன்: அது தவறாகச் சொன்னால் எனக்குத் தெரியவருமா? வெளிப்படையாகத் தடுமாறும் வழியால் கேடு குறைவு. தவற்றையும் சரியையும் ஒரே குரலில் சொல்லும் வழியில்தான் விலை அதிகம். அது ரசீதில் தெரியாது. முதலில் சுருக்கம், ஒவ்வொரு வழியும் என்ன என்பது கீழே.

| வழி | நன்றாகத் தீர்க்கும் வாக்கியம் | செலவு | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|
| பள்ளி இலக்கண நூல் | நான்கில் ஒன்றுமில்லை. தேர்வுக்கு உதவும் | குறைவு | காலாவதியான விதிகள் |
| கற்போர் அகராதி | முதலாவது. மூன்றாவதில் பாதி | இணையத்தில் இலவசம் | எடுத்துக்காட்டுகளைப் படிக்கும் பொறுமை |
| வழக்குக் கையேடு | இரண்டாவது | புத்தக விலை | நமக்குத் தேவையில்லாத சண்டைகள் |
| மொழித் தரவகம் | முதலாவது, மூன்றாவது | பணம் குறைவு, நேரம் அதிகம் | எண்ணிக்கை காட்டும் பொய் |
| திருத்தும் செயலி | முதலாவது, பெரும்பாலும் | சந்தா | வாக்கியம் சர்வர் வரை போகிறது |
| உரையாடும் செயற்கை நுண்ணறிவு | கேட்கும் விதத்தைப் பொறுத்து நான்கும் | இலவசம் முதல் சந்தா வரை | தவறும் சரியும் ஒரே தொனியில் |
| ஓர் ஆள் | மூன்றாவது, நான்காவது | நன்றிக்கடன் | அவருடைய சொந்த வெறுப்புகள் |

## பள்ளி இலக்கண நூல்

நம் ஊரில் இது என்றால் ரென் அண்ட் மார்ட்டின்தான். பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவரும் நாவலாசிரியருமான பி. சி. ரென், எச். மார்ட்டினோடு சேர்ந்து 1930களில் கொண்டுவந்த நூல். திருத்தப்பட்ட பதிப்புகளாக இன்றும் கடைகளில் கிடைக்கிறது. காலங்கள், எழுவாய்க்கும் வினைக்கும் இடையிலான பொருத்தம், நேர்கூற்று, அயற்கூற்று ஆகியவற்றை வரிசையாகக் கட்டிவைத்துச் சொல்லித்தருவதில் இதற்கு இணை சொல்வது கடினம். வேறு எந்த நூலைப் பிற்பாடு திறந்தாலும் அதில் வரும் கலைச்சொற்கள் புரிய இங்கே கற்றதே உதவும்.

ஆனால் நம் முதல் வாக்கியத்தை இதனிடம் கொடுத்துப் பாருங்கள். செயப்படுபொருள் குன்றாவினை ப்ரிபோசிஷன் இல்லாமல் செயப்படுபொருளை நேராக ஏற்கும் என்று விதி சொல்லும். நல்லது. 'டிஸ்கஸ்' அந்த வகையைச் சேர்ந்த வினைதானா? ஆங்கிலத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான வினைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வது இலக்கண நூலின் வேலை அல்ல. விதி தெரிந்தும் வாக்கியம் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

மறைந்திருக்கும் விலை வேறொன்று: செத்துப்போன விதிகளையும் உயிருள்ளவற்றோடு சேர்த்தே மனப்பாடம் செய்கிறோம். 'ஐ', 'வீ' ஆகியவற்றுக்கு 'ஷல்', மற்றவற்றுக்கு 'வில்' என்று பழைய பள்ளி இலக்கணங்கள் வலியுறுத்தின. இந்த விதியை 1653இல் எழுதிவைத்தவர் ஜான் வாலிஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டுக் கணிதப் பேராசிரியர். முடிவிலிக்கு இன்று நாம் போடும் படுத்த எட்டுக் குறியும் அவர் தந்ததுதான். அவர் அந்த ஆங்கில இலக்கணத்தை எழுதியது லத்தீனில்! இன்றைய அமெரிக்கர் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பிரிட்டனிலும் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதைக் காப்பாற்றுவதாக நினைத்து நாம் எழுதும் 'ஐ ஷல்' அங்கே விறைப்பாக ஒலிக்கிறது.

இதுவே சிறந்த வழியாக இருப்பது ஒரு சூழலில் உண்டு: தேர்வு. எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளில் வாக்கியத்தின் எந்தப் பகுதியில் பிழை என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வினாத்தாள் தயாரிப்பவருடைய ஆங்கிலம்தான் அங்கே ஆங்கிலம். அவர் இந்த மரபில் வந்தவர். தேர்வு எழுதுபவர் இதை விட்டுவிட்டு வேறெதைப் படித்தாலும் மதிப்பெண்தான் போகும்.

## கற்போர் அகராதி

அகராதியில் இரண்டு சாதி உண்டு. ஒன்று ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கு. மற்றது ஆங்கிலத்தைக் கற்பவர்களுக்கு. முதலாவது சொல்லின் பொருளைச் சொல்லிவிட்டுப் போய்விடும், ஏனென்றால் அதைப் படிப்பவருக்குச் சொல்லைக் கையாளும் விதம் குழந்தையிலேயே தெரியும். இரண்டாவதுதான் சொல்லை எப்படிக் கையாள்வது என்று காட்டுகிறது. தமிழ் வீடுகளில் பெருமையோடு அலமாரியில் நிற்பவற்றில் பெரும்பாலானவை முதல் வகை.

இரண்டாம் வகை பிறந்ததற்குக் காரணம் வகுப்பறை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் மாணவர்கள் பொருள் தெரிந்தும் வாக்கியத்தில் இடறுவதைப் பார்த்தவர். ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்று குறித்து, சகாக்களோடு சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்று நாம் அறிவது அதன் வழித்தோன்றல். 1978இல் வந்த லாங்மன், ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாப் பொருளையும் விளக்குவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. 1987இல் பர்மிங்ஹாமிலிருந்து வந்த கோபில்டு, பொருளைத் துண்டுச் சொல்லாகத் தராமல் முழு வாக்கியமாகவே எழுதியது.

'டிஸ்கஸ்' என்று தட்டிப் பாருங்கள். 'டிஸ்கஸ் சம்திங் வித் சம்படி' என்ற அமைப்பு மேலேயே இருக்கும். 'அபவுட்' போடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் பல கற்போர் அகராதிகளில் உண்டு. நம்மைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் அதே இடத்தில் விழுந்திருக்கிறோம் என்பதால்தான் அந்தக் குறிப்பு அங்கே வந்தது. அரை நிமிட வேலை.

இவ்வகை அகராதிகளில் நம் கண் தாண்டிப் போகிற சிறு குறிகள் இரண்டு: எண்ணக்கூடிய பெயருக்கு 'சி', எண்ண இயலாததற்கு 'யு'. நம் அலுவலக ஆங்கிலத்தில் நடமாடும் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'சாஃப்ட்வேர்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'அட்வைசஸ்', 'ஈக்விப்மென்ட்ஸ்' அனைத்தும் இந்த ஒற்றை 'யு' எழுத்தைப் பார்க்காததால் வந்தவை. நாற்காலியை எண்ண முடிகிறதே, 'ஃபர்னிச்சர்' ஏன் எண்ண முடியாது என்று தர்க்கம் பேசிப் பயனில்லை. ஆங்கிலம் அப்படி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது வாக்கியத்தில் இது பாதி வழி வரும். 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல் என்று சொல்லும். பதிலளித்தல் என்ற பொருளைத் தரும் அகராதிகள் அதை இந்திய வழக்கு என்று குறித்தே தரும். அந்த முத்திரையைத் தவறு என்று படிக்கக் கூடாது. 'எங்கே செல்லும், எங்கே செல்லாது' என்பதற்கான தகவல் அது. நான்காவது வாக்கியத்தில் அகராதிக்கு வேலையே இல்லை; ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தான் இருக்கிறது.

ஆங்கிலம்–தமிழ் அகராதி போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பில் 1960களில் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழக அகராதி பொருள் அறிய இன்றும் நல்லது. எழுத உதவாது. 'டிஸ்கஸ்' என்பதற்கு விவாதி, ஆராய் என்று பார்த்ததும் நமக்குள் இருக்கும் 'பற்றி' மறுபடி விழித்துக்கொள்ளும்.

## வழக்குக் கையேடு

எது சரி என்று ஆங்கிலேயர்களே சண்டையிடும் இடங்களில் தீர்ப்புச் சொல்வதற்கென்று ஒரு நூல்வகை உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது எச். டபிள்யூ. ஃபௌலரின் 1926ஆம் ஆண்டு நூல். அமெரிக்காவில் இன்று பிரயன் கார்னரின் கையேடு. ஒரு புதிய வழக்கு எந்த அளவுக்கு ஏற்கப்பட்டுவிட்டது என்று ஐந்து படிகளில் அளந்து சொல்வது அவர் வழி. மெரியம்-வெப்ஸ்டர் 1989இல் வெளியிட்ட கையேடு தீர்ப்பைவிட வரலாற்றையே அதிகம் பேசும்.

'லெஸ்' வழக்கை அந்த மூன்றாவது கையேட்டிடம் எடுத்துச் செல்லுங்கள், கதையே வேறு. எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' போடுவது ஒன்பதாம் நூற்றாண்டு ஆல்ஃப்ரெட் அரசர் காலத்திலிருந்தே உண்டு. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர், 'ஃப்யூவர்' போட்டால் தமக்கு நன்றாகப் படுகிறது என்று எழுதினார். தம் விருப்பத்தைத்தான் அவர் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை விதியாக இறுக்கினார்கள். கண்டிப்பானவர்கள்கூடத் தூரம், காலம், பணம் ஆகியவற்றுக்கு 'லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்' என்றுதான் எழுதுகிறார்கள். அங்கே 'ஃப்யூவர்' போட்டால் சிரிப்பு வரும். பிரிட்டனின் டெஸ்கோ அங்காடி 2008இல் இந்தச் சச்சரவிலிருந்து விலகிக்கொண்டது. எளிய ஆங்கிலத்துக்காக இயங்கும் ப்ளெய்ன் இங்லிஷ் கேம்பெய்ன் அமைப்பின் யோசனைப்படி பலகையை 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றியது. எனக்கு இந்தத் தீர்வு மிகவும் பிடிக்கும். இரு கட்சியும் வாய்மூடும்படி வாக்கியத்தையே மாற்றிவிடுவது பல நேரங்களில் தீர்ப்பைவிட மலிவு.

இத்தனை அறிவும் நமக்கு எவ்வளவு தேவை? இவை தாய்மொழிக்காரர்களின் சண்டைகள். ஃபௌலர் யாருக்காக எழுதினாரோ அவர்கள் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதவே மாட்டார்கள். வாக்கியத்தை ப்ரிபோசிஷனில் முடிக்கலாமா, 'டு' என்பதற்கும் வினைக்கும் நடுவே சொல் நுழைக்கலாமா என்று பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, அடுத்த மின்னஞ்சலில் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று ஒருமையில் எழுதுபவர்கள் உண்டு. விதிவிலக்கு மைக்கேல் ஸ்வானின் 'ப்ராக்டிகல் இங்லிஷ் யூசேஜ்': 1980இல் முதலில் வந்த அந்த நூல் கற்போருக்கென்றே எழுதப்பட்டது. 'சின்ஸ்', 'ஃபார்' வேறுபாடு, 'யெஸ்டர்டே' இருக்கும் வாக்கியத்தில் 'ஹேவ் சீன்' ஏன் வராது போன்ற நம் உண்மையான சிக்கல்களுக்கு அதில் விடை இருக்கும். கையேட்டுக்காகப் பணம் செலவழிப்பது என்று முடிவெடுத்தால் அதற்கே என் ஓட்டு.

## மொழித் தரவகம்

கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான ஆங்கில எழுத்தையும் பேச்சையும் ஓரிடத்தில் திரட்டித் தேடும்படி வைத்திருப்பதே தரவகம். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸில் 10 கோடிச் சொற்கள். அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோகாவில் 100 கோடிக்கும் மேல். நமக்கு இன்னும் பயன்படுவது, இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா உட்பட 20 நாடுகளின் இணைய ஆங்கிலத்தை 190 கோடிச் சொற்களில் திரட்டியிருக்கும் 'க்ளோபல் வெப்-பேஸ்டு இங்லிஷ்' என்ற தொகுப்பு. 'டூ தி நீட்ஃபுல்' என்று அதில் தேடினால் எந்த நாட்டுப் பத்தியில் நிறைகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். மொழிநடை பற்றிய விவாதத்தை எண்கள் முடித்துவைக்கும் அபூர்வ இடம் இது. இந்திய ஆங்கிலத்துக்கென்றே கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு எழுத்துகளைக் கொண்டு பத்து லட்சம் சொற்களில் ஒரு தரவகம் உருவாக்கியிருக்கிறார்கள்.

ஆனால் எண்களை அப்படியே நம்புகிறவருக்கு இது குழி. 'டிஸ்கஸ் அபவுட்' என்று தேடினால் விடைகள் வரத்தான் செய்யும். அவற்றுள் 'தேர் இஸ் மச் டு டிஸ்கஸ் அபவுட் திஸ் ஃபிலிம்' போன்றவையும் இருக்கும். அது சரியான ஆங்கிலம், ஏனென்றால் அங்கே 'மச்' என்பதே செயப்படுபொருள், 'அபவுட்' தனி. எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு "இத்தனை பேர் எழுதுகிறார்களே" என்று வாதிடுவதற்கு முன் பத்து வாக்கியங்களையாவது முழுதாகப் படிக்க வேண்டும். கூகுள் தேடலில் காட்டும் எண்ணிக்கையை வைத்து வாதிடுவதோ அதைவிட மோசம். அது உத்தேச மதிப்பு, இன்றும் நாளையும் மாறும்.

'ஹெவி ரெயின்' எழுதுவதா 'ஸ்ட்ராங் ரெயின்' எழுதுவதா, 'மேக் எ மிஸ்டேக்' சரியா 'டூ எ மிஸ்டேக்' சரியா என்று சொற்சேர்க்கையில் தயங்கும்போது இதைப் போல் உதவுவது வேறில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் ஒரு வார இறுதியைச் செலவிட்டு இதைப் பழகிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு, நல்ல கற்போர் அகராதி இதே தரவுகளைச் சமைத்துப் பரிமாறிவிடுகிறது.

## திருத்தும் செயலி

எழுதும்போதே பிழைக்கு அடிக்கோடு போட்டுத் திருத்தம் சொல்லும் செயலிகளில் பலருக்கும் தெரிந்தது கிராமர்லி, 2009இல் உக்ரைனைச் சேர்ந்த மூவர் தொடங்கியது. வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் இதே வேலையைச் செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. விடுபட்ட 'எஸ்', இருமுறை விழுந்த 'தி', அவசரத்தில் மாறிய எழுத்து ஆகியவற்றை எந்த மனிதரைவிடவும் விரைவாகப் பிடிக்கும். களைத்த கண்ணுக்கு இது துணை. அதில் சந்தேகமில்லை.

கடன் எங்கே ஏறுகிறது என்றால், அடிக்கோடு வந்த இடத்திலெல்லாம் 'ஏற்றுக்கொள்' என்று தட்டும் பழக்கத்தில். செயப்பாட்டுவினை கண்டால் கோடு போடும். 'தி பேஷன்ட் வாஸ் அட்மிட்டட்' என்பதை மாற்றி யார் சேர்த்தார் என்று எழுதுவது அபத்தம் என்று அதற்குத் தெரியாது. அமைப்பில் அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் உங்கள் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் முழுவதையும் பிழையாகக் காட்டும். நம்மில் எத்தனை பேர் அந்த அமைப்பைத் திறந்து பார்த்திருக்கிறோம்? அலுவலகத்தின் ஒப்பந்தம், நோயாளியின் அறிக்கை, தேர்வுத்தாள் ஆகியவற்றை ஒட்டும்போது அந்த வாக்கியங்கள் உங்கள் கணினியை விட்டு வெளியே போகின்றன என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

மேலாளர்–எழுத்தர் வாக்கியத்தை இது கோடில்லாமல் கடந்துபோக விட்டுவிடும். கோடு இல்லை என்பதைப் 'பிழை இல்லை' என்று மட்டும் படிப்பவருக்கு நட்டமில்லை. 'தெளிவாக இருக்கிறது' என்று படிப்பவருக்குத்தான் நட்டம்.

## உரையாடும் செயற்கை நுண்ணறிவு

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தக் கட்டுரையின் கேள்வியே சிலருக்குப் பழசாகிவிட்டது. நியாயமும் உண்டு. தமிழிலேயே கேட்கலாம், "படிப்பவர் லண்டனில் இருக்கும் வாடிக்கையாளர்" என்று சூழலைச் சொல்லலாம், ஏன் என்று மறுகேள்வி போடலாம். மேலே சொன்ன எந்த நூலும் மறுகேள்விக்குப் பதில் சொல்லாது.

இதன் மறைவிலை நான் வைத்த ஐந்தாவது அளவுகோலில் தெரிகிறது. இல்லாத விதியை உள்ள விதியின் அதே நிதானத்தோடு சொல்லும். "இல்லை, எங்கள் ஆசிரியர் வேறு மாதிரிச் சொன்னார்" என்று அழுத்தினால் பல நேரம் உடனே கட்சி மாறிவிடும். சந்தேகத்தோடு வந்தவருக்கு இது எவ்வளவு ஆபத்து! தவறு உங்களுடையதாகவே இருந்தாலும் நீங்கள் வென்றுவிட்டுப் போவீர்கள். இன்னொன்று, 'சரியா?' என்று ஒரு வாக்கியத்தை வைத்தால் ஐந்து வாக்கியங்களாக மாற்றியெழுதித் தரும். எல்லோருடைய விண்ணப்பக் கடிதமும் ஒரே குரலில் பேசத் தொடங்கியது இதனால்தான். வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு அந்தக் குரல் அலுத்துவிட்டது.

கேட்கும் விதத்தை மாற்றினால் பயன் கூடும். 'திருத்திக் கொடு' என்று சொல்லாமல், 'இந்த வாக்கியத்தை எத்தனை விதமாகப் புரிந்துகொள்ளலாம்?' என்று கேளுங்கள். விடுப்பு யாருடையது என்ற குழப்பத்தை அப்போது பிடித்துவிடும். 'டிஸ்கஸ் அபவுட்' போன்ற சொல் சார்ந்த கேள்விக்கு அது தரும் விடையைக் கற்போர் அகராதியில் ஒருமுறை சரிபார்ப்பது அரை நிமிடம், பார்த்துவிடுங்கள்.

## ஓர் ஆள்

தி இந்து நாளிதழில் கே. சுப்ரமணியனும் அவருக்குப் பின் எஸ். உபேந்திரனும் பல்லாண்டுகள் எழுதிவந்த ஆங்கிலச் சொல் விளக்கப் பகுதியை வெட்டி ஒட்டிவைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைய. கேள்வி கேட்பவர் நம்மைப் போன்றவர், விடை சொல்பவருக்கு நம் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அதனால்தான் அது உறைத்தது. அலுவலகத்திலோ உறவிலோ அப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

'டூ தி நீட்ஃபுல்' விஷயத்துக்கு ஆள்தான் நல்ல வழி. அந்தத் தொடர் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் வணிகக் கடிதங்களில் சாதாரணமாக இருந்தது. அங்கே வழக்கொழிந்தது, இங்கே தங்கிவிட்டது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் அது மரியாதை. அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதும்போது நடை மட்டும் இடிக்கவில்லை, செய்தியும் இல்லை: 'நீட்ஃபுல்' என்றால் என்ன செய்ய வேண்டும்? கையெழுத்திட்ட படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றால் அதையே எழுத வேண்டும். அந்த நாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒரே நொடியில் இதைச் சொல்லிவிடுவார்.

ஆளுக்கும் விலை உண்டு. ஆங்கிலம் தெரிந்தவர் ஒவ்வொருவருக்கும் பிடிக்காத சொல் ஒன்று இருக்கும்; அதை விதியாகச் சொல்லித் திருத்துவார். 'ப்ரீபோன்' கண்டாலே கொதிப்பவர் உண்டு, இத்தனைக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இந்திய வழக்கு என்ற குறிப்போடு அது இருக்கிறது. மேலதிகாரியாக இருந்துவிட்டால் வாதாடவும் முடியாது. எனவே ஆளிடம் விதியைக் கேட்காதீர்கள், புரிதலைக் கேளுங்கள். விஷயம் தெரியாத ஒருவரிடம் வாக்கியத்தைக் காட்டி "யாருடைய விடுப்பு ரத்தாகியிருக்கிறது?" என்றால் போதும். அவர் முகம் சுளித்தால் 'தி மேனேஜர் கேன்சல்ட் தி கிளார்க்ஸ் லீவ் அண்ட் டோல்ட் ஹிம் சோ' என்று மாற்றிக்கொள்ளலாம். இதற்கு ஆங்கிலப் புலமைகூடத் தேவையில்லை.

## உங்கள் நிலை எதுவோ அதற்கேற்ப

போட்டித் தேர்வு எழுதுபவர் ரென் அண்ட் மார்ட்டினோடும் பழைய வினாத்தாள்களோடும் நிற்கட்டும். தேர்வு முடிந்ததும் 'ஷல்' விதியை மறந்துவிடலாம்.

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நாள் முழுவதும் எழுதிப் பழகும் தொழில்நுட்பப் பணியாளர் செயலிக்குச் சந்தா கட்டுவதற்கு முன், உலாவியில் ஒரு கற்போர் அகராதியை எப்போதும் திறந்தே வைத்திருக்கும் பழக்கத்துக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கலாம். அதன் பிறகும் எழுத்துப்பிழை தொல்லை தந்தால் சந்தா கட்டுங்கள், மொழி அமைப்பை வாடிக்கையாளர் நாட்டுக்கு மாற்றிவிட்டு. நிறுவனத்தின் இரகசியக் கோப்புகள் கையில் இருப்பவர் தம் அலுவலக விதியைப் படித்த பிறகே எதையும் ஒட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கும் இது பொருந்தும்.

முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுபவருக்குத் தரவகம் கைகொடுக்கும், ஆனால் தம் துறைக் கட்டுரைகளையே நல்ல தரவாக எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துறையில் 'கண்டக்ட் எ ஸ்டடி' என்கிறார்களா 'டூ எ ஸ்டடி' என்கிறார்களா என்று இருபது கட்டுரைகள் சொல்லிவிடும்.

பதிப்பாசிரியரும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவரும் மட்டும் ஃபௌலர், கார்னர் பக்கம் போகட்டும். அவர்களிடம் வரும் கையெழுத்துப் படியில் 'லெஸ்' இருந்தால் அதை மாற்றச் சொல்லி யாராவது கடிதம் எழுதத்தான் போகிறார்கள். 1770இல் அந்த விருப்பம் எப்படித் தொடங்கியது என்று தெரிந்தவரால் பதில் எழுத முடியும். பிரிட்டிஷ் பதிப்பகத்துக்கு வேலை செய்பவர் ஃபௌலரின் புதிய பதிப்பையும், அமெரிக்கப் பதிப்பகத்துக்குச் செய்பவர் கார்னரையும் முதலில் வாங்கலாம். இரண்டும் ஒரே மாதத்தில் வேண்டாம்.